டெக்சஸில் ஸ்கூல் பாண்டுக்கு ஓட்டுப் போடும் முன் போட வேண்டிய கணக்கு

பள்ளிக் கட்டடம் போன்றவற்றுக்குக் கடன் வாங்கலாமா என்று வாக்காளர்களிடம் கேட்கும் ஸ்கூல் பாண்ட் தேர்தலை அறிவித்துவிட்டால் போதும், டாலஸுக்கு வடக்கே இருக்கும் எங்கள் தமிழ் வாட்ஸ்அப் குழுக்களில் இரண்டு செய்திகள் மாறி மாறிச் சுற்றும். "வரி ஒரு சென்ட் கூட ஏறாது, பிள்ளைகளுக்காக ஆதரிப்போம்" என்பது ஒன்று. இன்னொன்று வாக்குச்சீட்டின் படம். அதில் "இது சொத்து வரி உயர்வு" என்று பெரிய எழுத்தில் இருக்கும் வாசகத்தை யாரோ சிவப்பில் வட்டம் போட்டிருப்பார்கள். இந்த இரண்டில் எதைப் பார்த்தும் முடிவெடுக்காதீர்கள். உங்கள் வீட்டுக்கு எவ்வளவு, அந்தப் பணத்தில் என்ன வாங்குகிறார்கள் என்ற இரண்டு கேள்விக்கும் பதில் அந்தச் செய்திகளில் கிடையாது.

நான் காலின் கவுண்டியில் குடியிருப்பவள், தொழில் அக்கவுண்டிங். என் மூத்தவள் இங்கே பள்ளி முடித்துக் கல்லூரிக்குப் போய்விட்டாள், சின்னவன் எட்டாம் வகுப்பு. பாண்ட் வரும்போதெல்லாம் "அக்கா, நமக்கு எவ்வளவு கூடும்?" என்று தெரிந்தவர்கள் கேட்பார்கள். அவர்களுக்குச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன். வேறு மாநிலத்தில் இருப்பவர்களுக்குச் சட்டம் வேறு. இது டெக்சஸுக்கு மட்டும்.

முதலில் அக்டோபரில் வரும் வரி பில்லை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். டெக்சஸில் மாநில வருமான வரி கிடையாது, அதனால் சொத்து வரிதான் பெரிய சுமை. அதிலும் பெரும்பங்கு, ஊரின் அரசுப் பள்ளிகளை நடத்தும் ஸ்கூல் டிஸ்ட்ரிக்டுக்குப் போகிறது. டிஸ்ட்ரிக்டின் வரிவிகிதம் 100 டாலர் மதிப்புக்கு இத்தனை சென்ட் என்று இருக்கும். அந்த விகிதத்துக்குள் இரண்டு பகுதி உண்டு. ஆசிரியர் சம்பளம், மின்சாரம், பஸ் டீசல் போன்ற நடப்புச் செலவுக்கு எம் அண்ட் ஓ. கடனை அடைப்பதற்கு ஐ அண்ட் எஸ். பாண்ட் தொடுவது இந்த இரண்டாவதை மட்டும்தான். பில்லில் இரண்டும் பிரித்துப் போடவில்லை என்றால், கவுண்டியின் சொத்து வரி வெளிப்படைத்தன்மைத் தளத்தில் உங்கள் முகவரியைத் தட்டினால் வந்துவிடும்.

இந்தப் பிரிவினை தெரியாமல்தான் பாதிச் சண்டை நடக்கிறது. "டீச்சருக்குச் சம்பளம் கூட்டக் காசில்லை, கட்டடத்துக்கு மட்டும் எங்கிருந்து வருகிறது?" என்று கோபப்படுபவர்கள் நிறைய. கோபத்தில் நியாயம் இருக்கிறது, ஆனால் பாண்ட் பணத்தைச் சம்பளத்துக்குத் தொடச் சட்டம் விடாது. சம்பளப் பணம் மாநிலத்தின் கையில் இருக்கிறது. ஒரு மாணவருக்கான அடிப்படை ஒதுக்கீடு 2019இல் 6,160 டாலர். விலைவாசி என்ன ஏறியது என்பது நமக்கே தெரியும். 2025இல் சட்டமன்றம் அதில் கூட்டியது 55 டாலர். அதோடு, சொத்து மதிப்பு அதிகமுள்ள டிஸ்ட்ரிக்டுகள் தங்கள் எம் அண்ட் ஓ பணத்தில் ஒரு பகுதியை மாநிலத்துக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். 1993 முதல் நடக்கும் இதைத்தான் ராபின் ஹூட் என்கிறார்கள். ஐ அண்ட் எஸ் பணத்தில் மாநிலம் கை வைப்பதில்லை. ஆகவே பாண்டைத் தோற்கடித்து ஆசிரியர் சம்பளத்தைக் கூட்ட முடியாது. மாநிலத் தலைநகர் ஆஸ்டினில் உங்கள் பிரதிநிதியிடம் கேட்க வேண்டிய கேள்வி அது. உள்ளூர் வாக்குச்சீட்டிலேயே எம் அண்ட் ஓ விகிதத்தை உயர்த்தக் கேட்கும் தேர்தலும் சில சமயம் வரும். இரண்டும் ஒரே நாளில் வந்தால் எது எது என்று பிரித்துப் படியுங்கள். 2024 நவம்பரில் ஃப்ரிஸ்கோவில் அப்படித்தான் வந்தது: ஒரு வரிவிகித முன்மொழிவு, அதனுடன் 1 பில்லியன் டாலருக்கும் மேற்பட்ட கடனுக்கு மூன்று முன்மொழிவுகள். நான்கும் தோற்றன.

சரி, இப்போது உங்கள் வீட்டுக் கணக்கு.

நீங்கள் குடியிருக்கும் சொந்த வீட்டுக்கு ஹோம்ஸ்டெட் கழிவு உண்டு, அதாவது வரி போடும் முன் வீட்டு மதிப்பில் ஒரு தொகையைக் குறைத்துவிடுவார்கள். பள்ளி வரிக்கு அது 2023 நவம்பரில் 100,000 டாலர் ஆனது, 2025 நவம்பரில் மக்கள் வாக்களித்து 140,000 ஆக்கினார்கள். வீட்டின் மதிப்பு 600,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். 140,000 போனால் மீதி 460,000. அதை 100ஆல் வகுத்தால் 4,600. ஆக, விகிதம் 1 சென்ட் ஏறினால் உங்களுக்கு வருடத்துக்கு 46 டாலர். 4 சென்ட் ஏறினால் 184 டாலர், மாதம் சுமார் 15. உங்கள் வீட்டு மதிப்பைப் போட்டு இந்த "ஒரு சென்ட்" எண்ணை ஒரு முறை கண்டுபிடித்துக்கொண்டால் போதும். அதன் பிறகு யார் எத்தனை சென்ட் என்று சொன்னாலும் பெருக்கினால் விடை வந்துவிடும்.

ஹோம்ஸ்டெட்டுக்கு இன்னும் விண்ணப்பிக்காதவர்கள் இங்கேயே நிறுத்திவிட்டு அதை முதலில் செய்யுங்கள். வரிக்காக வீட்டு மதிப்பைக் கணிக்கும் அப்ரைசல் டிஸ்ட்ரிக்டில் இலவசம். ஓட்டுநர் உரிமத்தில் இந்த வீட்டு முகவரி இருக்க வேண்டும், அவ்வளவுதான். கட்டணம் வாங்கிக்கொண்டு செய்து தருகிறோம் என்று தபாலில் வரும் கடிதங்களைக் குப்பையில் போடுங்கள். பாண்ட் ஜெயித்தாலும் தோற்றாலும் இந்தக் கழிவால் மிச்சமாகும் பணம் அதைவிடப் பெரிது.

டிஸ்ட்ரிக்ட் ஒவ்வொரு முன்மொழிவுக்கும் ஒரு தகவல் ஆவணம் வெளியிட வேண்டும் என்பது 2019 சட்டம். கேட்கும் அசல் எவ்வளவு, உத்தேச வட்டி எவ்வளவு, ஏற்கெனவே உள்ள கடன் எவ்வளவு என்று அதில் இருக்கும். அதை அவசியம் படியுங்கள். ஆனால் அதில் "100,000 டாலர் வீட்டுக்கு வருடத்துக்கு இவ்வளவு கூடும்" என்று ஒரு எண் வரும். அதை அப்படியே நம்பி உங்கள் வீட்டுக்குப் பெருக்காதீர்கள். 140,000 கழிவுக்குப் பிறகு 100,000 டாலர் வீட்டில் வரி போட மிச்சம் எதுவுமே இல்லை. அந்த எண் சைபராக இருப்பதால் உங்களுக்கும் சைபர் என்று ஆகிவிடாது. மேலே சொன்ன கணக்கையே போடுங்கள்.

இப்போது அந்தச் சிவப்பு வட்டத்துக்கு வருவோம். ஸ்கூல் பாண்ட் எதுவானாலும் "இது சொத்து வரி உயர்வு" என்ற வாசகம் வாக்குச்சீட்டில் இருக்க வேண்டும் என்று 2019இல் சட்டம் செய்தார்கள். விகிதம் ஏறினாலும் ஏறாவிட்டாலும் அந்த வாசகம் வரும். ஆகவே அதைப் படம் பிடித்து அனுப்புபவர் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை.

எதிர்ப்பக்கத்து வாக்கியமான "விகிதம் ஏறாது" என்பதும் முழுக் கதை கிடையாது. பழைய கடன் அடைந்துகொண்டே வரும். புதிய கடன் வாங்காவிட்டால் ஐ அண்ட் எஸ் விகிதத்தைக் குறைக்க இடம் இருந்திருக்கும். புதிய கடன் அந்த இடத்தை நிரப்புகிறது. விகிதம் அப்படியே நின்றாலும் வீட்டு மதிப்பு ஏறினால் பில் ஏறும். ஹோம்ஸ்டெட் வீட்டுக்கு ஒரு வருடத்தில் வரிக்கான மதிப்பு 10 சதவீதத்துக்கு மேல் ஏறக் கூடாது என்ற வரம்பு இருக்கிறது, ஆனால் 10 சதவீதமே சிறிய தொகை இல்லை. இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள்: புதுக் கடன் வாங்கும் டிஸ்ட்ரிக்ட், 50 சென்ட்டுக்குள் ஐ அண்ட் எஸ் விகிதத்தை வைத்து எல்லாக் கடனையும் அடைக்க முடியும் என்று மாநிலத்திடம் காட்ட வேண்டும். வேகமாக வளரும் டிஸ்ட்ரிக்டுகள் பல ஏற்கெனவே அந்த 50ஐத் தொட்டு நிற்கின்றன. அங்கே "ஏறாது" என்றால், இனிமேல் ஏற்ற இடமே இல்லை என்று அர்த்தம். புதிதாக வரப்போகும் வீடுகளின் வரியை நம்பித்தான் கடன் வாங்குகிறார்கள். அந்த வீடுகள் சொன்ன வேகத்தில் வருமா என்று கேட்பது உங்கள் உரிமை.

65 வயது தாண்டியவர்களுக்குத் தனிக் கணக்கு. எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற ஒருவர், ஒவ்வொரு பாண்டுக்கும் வாசலில் எதிர்ப்புப் பலகை நடுபவர். ஒரு மாலை அவருடைய பில்லை அவர் வீட்டுச் சமையலறை மேசையில் வைத்து நானும் அவரும் பார்த்தோம். பள்ளி வரி எழுதியிருந்த இடத்தில் பல வருடங்களாகத் தொகை ஏறவே இல்லை. 65க்கு மேல் ஹோம்ஸ்டெட் சலுகை பெற்றவர்களுக்கு, அது கிடைத்த வருடத்துப் பள்ளி வரித் தொகையே உச்சவரம்பாகிவிடும். வீட்டில் புது அறை கட்டினால்தான் ஏறும், பாண்டால் ஏறாது. 2025 நவம்பர் வாக்கெடுப்புக்குப் பிறகு அவர்களுக்குக் கூடுதல் கழிவும் 10,000இலிருந்து 60,000 டாலராகிவிட்டது. அவர் பலகையை எடுக்கவில்லை, கடன் அதிகம் என்பது அவர் கொள்கை, அதை மதிக்கிறேன். ஆனால் தன் பில் ஏறும் என்று சொல்வதை நிறுத்திவிட்டார். உங்கள் பெற்றோர் பெயரிலோ, வயதான பக்கத்து வீட்டுக்காரர் பெயரிலோ வீடு இருந்தால் இந்தச் சலுகை பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள்.

பணக் கணக்கு முடிந்ததும் பட்டியலுக்கு வாருங்கள். என்னைக் கேட்டால் நேரத்தில் பெரும்பங்கை இங்கேதான் செலவழிக்க வேண்டும். டிஸ்ட்ரிக்ட் தளத்தில் எந்தப் பள்ளிக்கு என்ன வேலை, எவ்வளவு என்று பட்டியல் இருக்கும். கூரை, குளிர்சாதன யூனிட், தீயணைப்பு அலாரம், பஸ், புதுப் பள்ளி, நிலம் வாங்குவது எல்லாம் அதில் வரும். நான் முதலில் என் மகனின் பள்ளியைத் தேடுவேன், அடுத்து அதே டிஸ்ட்ரிக்டின் மிகப் பழைய பள்ளிகளை. ஆகஸ்டில் வெயில் 100 டிகிரியைத் தாண்டும் ஊரில் குளிர்சாதனம் நின்றுபோன வகுப்பறையில் பாடம் நடக்காது. பட்டியலில் அந்த மாதிரி வேலைகளுக்கு நான் தயங்கியதே இல்லை. "புதுப்பித்தல்" என்று பொத்தாம்பொதுவாகப் பெரிய தொகை போட்டிருந்தால் மின்னஞ்சலில் கேளுங்கள், பதில் சொல்வார்கள்.

புதுப் பள்ளிக்குப் பணம் கேட்டால் மாணவர் எண்ணிக்கைக் கணிப்பைப் பாருங்கள். வடக்கே ப்ராஸ்பர், செலைனா பக்கம் சோளக்காடாக இருந்த இடமெல்லாம் வீடாகிவிட்டது, அங்கே பள்ளி தேவைதான். தெற்கே கதை வேறு. பிள்ளைகள் குறைந்துபோனதால் பிளேனோ டிஸ்ட்ரிக்ட் நான்கு பள்ளிகளை மூட 2024இல் முடிவு செய்தது. பத்துப் பதினைந்து மைல் இடைவெளியில் இரண்டு நிலைமை. ப்ராஸ்பரில் சரியான வாதம் பிளேனோவுக்குப் பொருந்தாது. உங்கள் டிஸ்ட்ரிக்ட் எந்தப் பக்கம் என்று தெரிந்துகொண்டு பேசுங்கள்.

மடிக்கணினி, டேப்லெட் போன்றவற்றுக்கான முன்மொழிவில் நான் ஒரே கேள்விதான் கேட்பேன்: இந்தக் கடன் எத்தனை வருடத்தில் அடைகிறது? ஐந்து வருடத்தில் பழசாகும் கருவிக்கு 25 வருடம் வட்டி கட்டுவதை நான் ஏற்க மாட்டேன். குறுகிய காலக் கடனாகப் பிரித்து வாங்கும் டிஸ்ட்ரிக்டுகள் உண்டு, அவை அதைத் தெளிவாகச் சொல்லும்.

ஸ்டேடியம் பற்றிச் சொல்லாமல் டெக்சஸ் பாண்டைப் பேசி முடிக்க முடியாது. ஆலன் ஊரில் 2009இல் வாக்காளர்கள் 119 மில்லியன் டாலர் கடனை ஏற்றார்கள். அதில் சுமார் 60 மில்லியன், 18,000 பேர் உட்காரும் அமெரிக்கக் கால்பந்து ஸ்டேடியத்துக்குப் போனது. 2012இல் திறந்தார்கள், 2014இல் கான்கிரீட்டில் விரிசல் கண்டு மூடினார்கள், அடுத்த வருடம்தான் மறுபடி திறந்தது. இப்போது 1,000 பேருக்கு மேல் உட்காரும் ஸ்டேடியம், நீச்சல் குளம், கலையரங்கம், தொழில்நுட்பக் கருவிகள் எல்லாவற்றையும் தனித்தனி முன்மொழிவாக வைக்கச் சட்டம் சொல்கிறது. இது நமக்குக் கிடைத்த நல்ல ஆயுதம். ப்ராஸ்பரில் 2023 நவம்பரில் பள்ளி கட்டும் பெரிய முன்மொழிவை ஏற்ற வாக்காளர்கள், 94 மில்லியன் டாலர் ஸ்டேடியத்தை நிராகரித்தார்கள். ஏ, பி, சி என்று வரும் முன்மொழிவுகள் எல்லாவற்றுக்கும் ஒரே பதில் போட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

ஓட்டுப் போடும் நாளுக்குச் சில விஷயங்கள். இந்தத் தேர்தல்கள் மே முதல் சனிக்கிழமையிலோ நவம்பர் செவ்வாய்க்கிழமையிலோ வரும். 30 நாட்களுக்கு முன்பே வாக்காளராகப் பதிந்திருக்க வேண்டும். முன்கூட்டியே வாக்களிக்கும் நாட்களில் போனால் வரிசை குறைவு. வாக்குச்சாவடிக்குள் போனைப் பயன்படுத்தக் கூடாது, அதனால் மாதிரி வாக்குச்சீட்டை அச்செடுத்து உங்கள் முடிவை அதில் குறித்துக் கையில் கொண்டுபோங்கள், தாளுக்குத் தடையில்லை. பொதுத் தேர்தலோடு சேர்ந்து வரும் நவம்பர் என்றால் ஜனாதிபதி, செனட்டர் எல்லாம் தாண்டி பாண்ட் கடைசிப் பக்கத்தில்தான் இருக்கும். பாதியில் முடித்துவிட்டு வந்துவிடாதீர்கள். மே மாதத் தேர்தலுக்கு வரும் கூட்டம் மிகச் சிறியது, நம் தெருவிலிருந்து நாலு பேர் போனாலே முடிவில் எடை கூடும்.

எச்-1பி, கிரீன் கார்டில் இருப்பவர்களுக்கு ஓட்டு இல்லை. ஆனால் வீட்டு வரி கட்டுகிறீர்கள், பிள்ளைகள் அங்கே படிக்கிறார்கள். டிஸ்ட்ரிக்டை நிர்வகிக்கும் போர்டின் கூட்டத்தில் பேச யாரிடமும் குடியுரிமை கேட்பதில்லை, முன்கூட்டிப் பெயர் பதிந்தால் சில நிமிடம் தருவார்கள். பாண்டை வடிவமைக்கும் ஊர் மக்கள் குழுவுக்குப் பெற்றோர் தேவை என்று அறிவிப்பு வரும்போது விண்ணப்பியுங்கள், பட்டியல் உருவாவது அங்கேதான். பாண்ட் ஜெயித்த பிறகும் விகிதத்தை ஒவ்வொரு வருடமும் போர்டுதான் தீர்மானிக்கிறது. ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில் நடக்கும் அந்தப் பொதுக் கேட்பு நாளை டிஸ்ட்ரிக்ட் காலண்டரில் பாருங்கள். நான் போனபோது நாற்காலிகள் பெரும்பாலும் காலியாகத்தான் இருந்தன. உங்கள் "ஒரு சென்ட்" எண்ணை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய், ஐ அண்ட் எஸ் விகிதம் இந்த வருடம் ஏன் இவ்வளவு என்று மைக்கில் கேளுங்கள்.