பிக்கப்பில் கூடுதல் லைட் மாட்டுவது எப்படி: பேட்டரியிலிருந்து பம்பர் வரை

காட்டுப்பாதையில் ஓட்டுவதற்கென்று ஒரு பிக்கப் வாங்கியவர்களுக்கு முதல் வாரமே கை துறுதுறுக்க ஆரம்பித்துவிடும். எதில் தொடங்கலாம் என்று கேட்டால் முன்பக்கக் கூடுதல் லைட் என்றுதான் சொல்வேன். சஸ்பென்ஷனை உயர்த்துவது, பெரிய டயர் போடுவது எல்லாம் ஸ்டீயரிங், பிரேக், வண்டியின் சமநிலை என்று பல இடங்களில் கைவைக்கும் வேலை. லைட் அப்படியில்லை, பிடிக்காவிட்டால் கழற்றிவிடலாம். இதில் பழகும் வயரிங்தான் பிறகு ஏர் கம்ப்ரஸர், ஃப்ரிட்ஜ், பின்பக்க வேலை லைட் என்று எதை மாட்டினாலும் கைகொடுக்கும்.

வாங்கும்போது எல்லாரும் வாட்ஸையும் லூமனையும் (வெளிச்ச அளவு) தான் பார்ப்பார்கள். ஆனால் நடுவழியில் லைட் அணைந்துபோனால் பெரும்பாலும் லைட் மேல் தப்பிருக்காது. லூசான எர்த் (வண்டியின் பாடி வழியாக பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் இணைப்பு), தண்ணீர் புகுந்த ஜாயின்ட், உரசித் தேய்ந்த வயர், இந்த மூன்றில் ஒன்றாக இருக்கும். அதனால் இங்கே லைட்டைப் பற்றிக் கொஞ்சம், வயரைப் பற்றி நிறைய.

1. எந்த லைட், எங்கே

தூரத்துக்கு ஒடுங்கிப் பாய்வது ஸ்பாட். பக்கத்தில் அகலமாகப் பரவுவது ஃப்ளட். இரண்டும் கலந்தது காம்போ. வேகம் குறைந்த காட்டுப்பாதையில் பாதையோரமும் பள்ளமும் தெரிவதுதான் முக்கியம், அதனால் முதல் செட்டுக்கு காம்போ போதும். நீர்ப்புகாத் தரம் ஐ.பி.67-க்குக் குறையாமல் பாருங்கள்.

கூரையில் நீளமாக ஒரு லைட் பார் வைத்தால் படத்தில் கம்பீரமாகத்தான் இருக்கும். ஓட்டும்போது பானெட்டில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் கண்ணைக் கூச வைக்கும், காற்று விசிலடிக்கும், வயரை உள்ளே கொண்டுவருவதும் தலைவலி. முதல் வேலைக்கு பம்பர் அல்லது புல் பார் (பம்பருக்கு முன்னால் மாட்டும் இரும்புக் கம்பி) தான் சரி. வைக்கும் இடம் ரேடியேட்டருக்குப் போகும் காற்றையோ, பார்க்கிங் சென்சாரையோ, ரேடாரையோ, நம்பர் பிளேட்டையோ மறைக்கக் கூடாது.

பொதுச்சாலையில் இந்த லைட்டுகளை எரிக்கலாமா, மூடி போட வேண்டுமா, எத்தனை வைக்கலாம் என்பதெல்லாம் நாட்டுக்கு நாடு மாறும். துளை போடுவதற்கு முன் உங்கள் விதியைப் பார்த்துவிடுங்கள்.

2. ஒரு சின்னக் கணக்கு

வாட்ஸை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர். 60 வாட்ஸ் லைட் இரண்டு என்றால் மொத்தம் 120 வாட்ஸ், 12 வோல்ட்டில் 10 ஆம்பியர். இன்ஜின் ஓடும்போது பேட்டரி 14 வோல்ட் பக்கம் இருக்கும் என்பதால் நிஜத்தில் சற்றுக் குறையும். கணக்கை 12-க்கே போடுங்கள்.

10 ஆம்பியருக்கு 2.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) வயர், 15 ஆம்பியர் ஃபியூஸ். ஃபியூஸ் இருப்பது லைட்டைக் காப்பாற்ற அல்ல, வயரைக் காப்பாற்ற. எங்காவது வயர் உரசி பாடியில் தொட்டால், வயர் சூடாகித் தீப்பிடிப்பதற்கு முன் ஃபியூஸ் போய்விட வேண்டும். ஃபியூஸ் அடிக்கடி போகிறதே என்று 30 ஆம்பியரைச் செருகினால் அந்தப் பாதுகாப்பு அங்கேயே முடிந்தது.

2.5 ஸ்கொயர் செம்பு வயரின் மின்தடை மீட்டருக்கு ஏறக்குறைய 7 மில்லி ஓம். போகவர 4 மீட்டர் என்றால் 10 ஆம்பியரில் 0.28 வோல்ட் வழியிலேயே போகும். எல்.இ.டி.க்கு இது பெரிதில்லை, உள்ளே இருக்கும் டிரைவர் என்ற மின்சுற்று சமாளித்துக்கொள்ளும். ஹாலஜன் அப்படிச் சமாளிக்காது. வோல்ட்டேஜ் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் 30 சதவீதம் வரை குறைந்துவிடும். பழைய ஹாலஜன் லைட்டை மெல்லிய வயரில் மாட்டிவிட்டு மங்கலாக எரிகிறது என்று புலம்புகிறவர்கள் பல்பைத் திட்டிப் பயனில்லை.

3. கையில் இருக்க வேண்டியவை

12 வோல்ட், 40 ஆம்பியர் ரிலேயும் (சின்ன ஸ்விட்சால் பெரிய மின்னோட்டத்தைத் திறக்கும் கருவி) அதன் சாக்கெட்டும், தண்ணீர் புகாத ஃபியூஸ் ஹோல்டர், 2.5 ஸ்கொயரில் சிவப்பும் கறுப்பும், ஸ்விட்சுக்கு 0.75 ஸ்கொயர் வயர், ஃபியூஸ் டேப் (இருக்கும் ஃபியூஸ் இடத்தில் செருகி இன்னொரு இணைப்பு எடுப்பது), ஸ்விட்ச், ரிங் டெர்மினல்கள், பட் கனெக்டர்கள் (இரு வயர்களை முனையோடு முனை இணைப்பவை), உள்ளே பசை உள்ள, சூடாக்கினால் சுருங்கும் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ், வரிவரியான ஃப்ளெக்சிபிள் பைப், கேபிள் டை. கருவிகளில் மல்டிமீட்டரும் ராட்செட் கிரிம்பிங் பிளையரும் (டெர்மினலை வயர்மேல் அழுத்திப் பிடிக்க வைப்பது) கட்டாயம். கட்டிங் பிளையரால் நசுக்கி ஒப்பேற்றும் பழக்கம் வேண்டாம்.

ரெடிமேட் வயரிங் செட்டும் கிடைக்கும். வாங்கலாம், தப்பில்லை. ஆனால் சில செட்டுகளில் ரப்பர் உறை தடியாக இருக்கும், உள்ளே செம்பு நூலளவுதான் இருக்கும். ஒரு முனையைச் சீவிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

4. பேட்டரியைக் கழற்றுவது

முதலில் நெகட்டிவ். காரணம் எளிது. நெகட்டிவ் இணைந்திருக்கும்போது பாசிட்டிவ் நட்டைக் கழற்றினால், ஸ்பேனர் பக்கத்திலுள்ள இரும்பில் தொட்ட கணமே ஷார்ட். நெகட்டிவை எடுத்துவிட்டால் ஸ்பேனர் பாடியில் எங்கே தொட்டாலும் ஒன்றும் ஆகாது. திரும்ப மாட்டும்போது நெகட்டிவ் கடைசி. டேஷ்போர்டுக்கு அடியில் கைவிடப் போகிறீர்கள் என்றால், கழற்றிய பிறகு சில நிமிடங்கள் பொறுங்கள், ஏர்பேக் அமைப்பில் மிச்சமிருக்கும் மின்சாரம் வடியட்டும். மஞ்சள் உறை போட்ட வயர்கள் ஏர்பேக்குடையவை. அவற்றைத் தொடவே வேண்டாம்.

5. லைட்டைப் பொருத்துவது

அளவு டேப்பை வைத்து நடுவிலிருந்து இருபுறமும் சம தூரம் குறித்துக்கொள்ளுங்கள். துளை போட்டால் வெட்டிய விளிம்பில் துருத்தடுப்பு பெயின்ட் அடித்துவிட்டே அடுத்த வேலை. நைலாக் நட்டு (உள்ளே நைலான் வளையம் உள்ளது) போடுங்கள், சாதா நட்டு குலுக்கலில் கழன்றுவிடும். ஸ்டெயின்லெஸ் போல்ட்டும் ஸ்டெயின்லெஸ் நட்டும் என்றால் மரையில் கொஞ்சம் ஆன்டி-சீஸ் தடவுங்கள், இல்லாவிட்டால் இறுக்கும்போதே ஒன்றோடொன்று கவ்விக்கொண்டு அசைய மறுக்கும். கோணத்தைக் கடைசியில் சரி செய்யப் போகிறோம், அதனால் இப்போது முழுசாக இறுக்க வேண்டாம்.

6. ரிலே

புதியவர்கள் மிரள்வது இங்கேதான். இது வாய்க்கால் மடை மாதிரி. ஸ்விட்ச் என்ற சின்ன விசை மடையைத் திறக்கிறது, பெரிய ஓட்டம் பேட்டரியிலிருந்து லைட்டுக்கு நேராகப் போகிறது. ரிலேயின் காயில் (உள்ளே உள்ள கம்பிச் சுருள்) இழுப்பது 0.2 ஆம்பியருக்குள்தான், அதனால் ஸ்விட்சும் அதன் வயரும் சூடாகாது.

ரிலேயின் அடியில் எண்கள் இருக்கும், பெரும்பாலான கம்பெனி ரிலேக்களில் இதே எண்கள்தான்:

- 30: பேட்டரி பாசிட்டிவிலிருந்து, ஃபியூஸ் வழியாக
- 87: லைட்டின் பாசிட்டிவுக்கு
- 86: ஸ்விட்சிலிருந்து வரும் வயர்
- 85: எர்த்

ஐந்து பின் ரிலே என்றால் நடுவில் 87ஏ என்று ஒன்று இருக்கலாம். ஸ்விட்ச் போடாதபோது 30-உடன் இணைந்திருப்பது அது. லைட்டைத் தெரியாமல் அதில் கொடுத்தால் வண்டி நிற்கும்போதும் லைட் எரியும், ஸ்விட்சைப் போட்டால் அணையும். நமக்கு அது தேவையில்லை, காலியாக விட்டுவிடுங்கள். உள்ளே டையோடு உள்ள ரிலேயில் 85-ஐயும் 86-ஐயும் மாற்றிக் கொடுக்கக் கூடாது. மேலே சொன்னபடி 86-ல் பாசிட்டிவ் கொடுத்துவிட்டால் பெரும்பாலான ரிலேக்களில் பிரச்சினை வராது.

இன்ஜின் சூட்டிலிருந்து தள்ளி, பின்கள் கீழ்நோக்கி இருக்கும்படி ரிலேயைத் திருகிவிடுங்கள். தண்ணீர் பட்டாலும் தங்காமல் வடிந்துவிடும். ஃபியூஸ் ஹோல்டர் பேட்டரி பாசிட்டிவுக்கு மிக அருகில், 15-20 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். பேட்டரிக்கும் ஃபியூஸுக்கும் இடைப்பட்ட வயருக்குப் பாதுகாப்பே கிடையாது, அதனால்தான் அதை இவ்வளவு குட்டையாக வைக்கிறோம். ஃபியூஸை இப்போது செருக வேண்டாம்.

7. கிரிம்ப், எர்த், பாதை

வயர் உறையை 6-7 மில்லிமீட்டர் சீவுங்கள். ஒரு இழை அறுந்தாலும் வெட்டிவிட்டுப் புதிதாகச் சீவுங்கள். ஸ்லீவை முதலில் வயரில் கோத்துக்கொள்ள மறக்காதீர்கள், கிரிம்ப் செய்த பிறகு அது உள்ளே போகாது. டெர்மினலில் நுழைத்து, பிளையர் தானாக விடும் வரை அழுத்துங்கள். அப்புறம் நன்றாக இழுத்துப் பாருங்கள். கையோடு வந்தால் நல்லது, காட்டில் வருவதற்கு இங்கேயே வந்தது. பிறகு ஸ்லீவை நடுவிலிருந்து ஓரத்துக்குச் சூடாக்குங்கள். இரு முனையிலும் பசை மெல்லிய வளையமாகக் கசிந்தால் அடைப்பு சரி.

சால்டர் வைத்தால் உறுதி என்று பலர் நினைப்பார்கள். வண்டியில் அது எப்போதும் சரிவராது. ஈயம் ஏறிய இடம் விறைத்துக்கொள்ளும், அது முடியும் விளிம்பில் அதிர்வு தாங்காமல் இழைகள் ஒவ்வொன்றாக ஒடியும். நல்ல கிரிம்ப்பே மேல். இருக்கிற வயர்மேல் கடித்துப் பிடிக்கும் பிளாஸ்டிக் கிளிப்புகளைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

எர்த்துக்கு பாடியில் ஏற்கெனவே உள்ள எர்த் போல்ட் ஒன்றைத் தேடுங்கள். இல்லையென்றால் பெயின்ட்டைச் சுரண்டி, வெறும் இரும்பு பளபளவென்று தெரிந்த பிறகு பல் வாஷரோடு ரிங் டெர்மினலை இறுக்கி, மேலே கிரீஸ் பூசுங்கள். பெயின்ட்டின் மேல் இறுக்கிய எர்த் முதல் நாள் வேலை செய்வதுபோல் நடிக்கும். புதிய வண்டிகள் பலவற்றில் பேட்டரி நெகட்டிவ் டெர்மினலிலேயே மின்னோட்டத்தை அளக்கும் சென்சார் இருக்கும். அங்கே நேராக எர்த் கொடுத்தால் அதன் கணக்கு தப்பும், பாடியில் கொடுங்கள்.

வயரை ஃப்ளெக்சிபிள் பைப்பில் நுழைத்து, கம்பெனி வயரிங் போகும் பாதையிலேயே கொண்டுபோங்கள். எக்ஸாஸ்ட், ஃபேன், கூர்மையான விளிம்பு, ஸ்டீயரிங் கம்பி, இவற்றின் பக்கம் போகக் கூடாது.

8. வயரை உள்ளே கொண்டுவருவது

ஸ்விட்சுக்குப் போகும் மெல்லிய வயர் ஃபயர்வாலை (இன்ஜின் அறைக்கும் கேபினுக்கும் நடுவிலுள்ள தகடு) தாண்ட வேண்டும். புதுத் துளை போடும் முன், இருக்கும் ரப்பர் குரோமெட்டுகளை (வயர் போகும் துளைகளில் உள்ள ரப்பர் வளையங்கள்) பாருங்கள். ஆட்டோமேட்டிக் வண்டிகளில் கிளட்ச் பெடலுக்கான இடம் வெறும் மூடியோடு சும்மா இருப்பதும் உண்டு. குரோமெட்டின் ஓரத்தில் சின்ன ஓட்டை போட்டு, விறைப்பான கம்பியில் வயர் முனையை இன்சுலேஷன் டேப் சுற்றி, சோப்புத் தண்ணீர் தடவி இழுத்தால் வழுக்கிக்கொண்டு வரும். வெளிப்புறத்தில் வயர் ஓட்டைக்குக் கீழே ஒரு தொங்கல் விட்டு மேலேறும்படி வையுங்கள், மழைநீர் அந்தத் தொங்கலிலேயே சொட்டிவிடும். ஓட்டையை நியூட்ரல் சிலிக்கானால் அடையுங்கள். வினிகர் வாடை வரும் ரகம் செம்பையும் இரும்பையும் அரிக்கும்.

ஸ்விட்சுக்கான மின்சாரத்தை உள்ளே இருக்கும் ஃபியூஸ் பாக்ஸிலிருந்து, சாவியை அணைத்தால் அணையும் ஒரு சர்க்யூட்டில் ஃபியூஸ் டேப் செருகி எடுங்கள். சார்ஜர் சாக்கெட் நல்ல தேர்வு. ஏர்பேக், ஏ.பி.எஸ்., இன்ஜின் கம்ப்யூட்டர் ஃபியூஸ்களை விட்டுவிடுங்கள். டேப்பில் பழைய ஃபியூஸையும் புதிதாக 3 ஆம்பியர் ஃபியூஸையும் போடுங்கள். டேப் வயர் ஸ்விட்சுக்கு, ஸ்விட்சிலிருந்து ரிலேயின் 86-க்கு. ஸ்விட்சில் விளக்கு இருந்தால் மூன்றாவது பின்னுக்கு எர்த்.

9. சோதனை

லைட் ஃபியூஸ் இல்லாமலேயே பேட்டரியை மாட்டி, சாவியை ஆன் செய்யுங்கள். டேப் சரியான பக்கம் செருகியிருக்கிறதா என்று பார்க்க, டேப்பிலிருந்து பழைய ஃபியூஸை மட்டும் எடுங்கள். புதிய வயரில் 12 வோல்ட் அப்படியே இருந்தால் சரி. அதுவும் போய்விட்டால் டேப்பைத் திருப்பிச் செருகிவிட்டு, பழைய ஃபியூஸை அதன் இடத்தில் போடுங்கள். ஸ்விட்சைப் போட்டால் ரிலே 'டிக்' என்று சொல்ல வேண்டும். சொன்னால் 15 ஆம்பியர் ஃபியூஸைச் செருகி, இன்ஜினை ஓடவிட்டு லைட்டைப் போடுங்கள்.

எரிகிறது என்பதோடு விடாதீர்கள். லைட் எரியும்போது மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி பாசிட்டிவிலும் மறுமுனையை லைட்டின் பாசிட்டிவிலும் வையுங்கள். 0.5 வோல்ட்டுக்குள் காட்ட வேண்டும். அதேபோல் நெகட்டிவ் பக்கம் 0.2-க்குள். நெகட்டிவில் கூடினால் எர்த்தைத் திரும்பச் சுரண்டுங்கள். பத்து நிமிடம் எரியவிட்டு ஃபியூஸ் ஹோல்டரையும் கிரிம்ப்புகளையும் தொட்டுப் பாருங்கள். ரிலே இளஞ்சூடாக இருப்பது இயல்பு, கிரிம்ப் சுட்டால் அதை வெட்டிவிட்டுப் புதிதாகப் போடுங்கள்.

10. கோணம்

சமதரையில் சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி நிறுத்துங்கள். வழக்கமாக ஏற்றும் சாமானும் ஆளும் வண்டியில் இருக்கட்டும், பின்னால் பாரம் ஏறினால் மூக்கு தூக்கும். லைட்டின் நடுப்பகுதி தரையிலிருந்து எவ்வளவு உயரமோ அதைச் சுவரில் குறித்து, வெளிச்சத்தின் அடர்ந்த பகுதி அந்தக் கோட்டிலிருந்து 10 சென்டிமீட்டர் கீழே விழும்படி சாய்த்து, போல்ட்டை முழுசாக இறுக்குங்கள். நட்டின் மேலும் பிராக்கெட்டின் மேலும் சேர்த்து பெயின்ட் மார்க்கரால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். முதல் கரடுமுரடான பயணம் முடிந்ததும் அந்தக் கோடு விலகியிருக்கிறதா என்று பார்த்து, விலகியிருந்தால் கோணத்தைத் திரும்பச் சரிபார்த்து இறுக்கினால் போதும்.