எடை மெஷின் வேண்டாம், இஞ்ச் டேப் போதும்

நம்மில் பலருக்குக் கை கால் ஒல்லியாக இருந்தாலும் வயிற்றில் கொழுப்பு சேர்ந்துவிடுகிறது. சர்க்கரை நோய்க்கும் இதய நோய்க்கும் வழிவிடுவது அந்தக் கொழுப்புதான். அதனால் எடையை விட இடுப்புச் சுற்றளவை கவனியுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் டேப்பைச் சுற்றி, மூச்சை இயல்பாக விட்டதும் அளக்க வேண்டும். வயிற்றை எக்கக் கூடாது. ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினால் உடனே விழித்துக்கொள்ளுங்கள். மாதம் ஒருமுறை அளந்து காலண்டரிலேயே குறித்து வைக்கலாம். கர்ப்பிணிகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

சரி, எதைக் குறைப்பது? முதலில் டீ, காபியில் போடும் சர்க்கரையை. டம்ளருக்கு இரண்டு ஸ்பூன், நாளைக்கு மூன்று தடவை என்றாலே 25 கிராமைத் தொட்டுவிடும். உலக சுகாதார நிறுவனம் நாள் முழுவதற்குமே ஏறக்குறைய அந்த அளவுக்குள் நிற்பது நல்லது என்கிறது. பிஸ்கட், ஜூஸில் இருக்கும் சர்க்கரையும் அதில் சேர்த்திதான்! ஒரேயடியாக நிறுத்தினால் நாலு நாளில் பழைய கதை திரும்பிவிடும். வாரத்துக்கு அரை ஸ்பூனாகக் குறையுங்கள், நாக்கு பழகிவிடும்.

சாப்பிடும்போது தட்டில் பொரியல், கூட்டு, பருப்பை முதலில் வையுங்கள். அப்புறம் மிச்ச இடத்தில் சாதம். இரவு சாப்பிட்டதும் மொட்டை மாடியிலோ தெருவிலோ பத்து நிமிடம் மெதுவாக நடங்கள். பிள்ளைகளையும் கூட்டிக்கொள்ளுங்கள். நாம் டிவி முன் உட்கார்ந்துகொண்டு அவர்களை மட்டும் ஓடச் சொன்னால் கேட்க மாட்டார்கள்.