'கெற்' என்ற சின்னச் சொல்லில் வழுக்கும் இடங்கள்

ஆங்கிலத்தில் 'கெற்' (get) என்றால் என்ன என்று தரம் ஒன்பது பிள்ளையைக் கேட்டுப் பாருங்கள். 'பெறு' என்று உடனே மறுமொழி வரும். பிழையில்லை, ஆனால் அதோடு நின்றுவிட்டால்தான் கரைச்சல். வைக்கிங்குகளின் பழைய நோர்ஸ் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்குள் வந்த இந்தச் சொல் வாங்கும், போய்ச் சேரும், ஆகும், விளங்கும், பிறரைக்கொண்டு செய்விக்கவும் செய்யும். எது எங்கே என்பதைப் பின்னால் வரும் சொல்தான் காட்டும். 'கெற் எ லெற்றர்' என்றால் கடிதம் கிடைக்கிறது. 'கெற் வெற்' என்றால் நனைகிறோம். 'கெற் ரு கொழும்பு' என்றால் கொழும்புக்குப் போய்ச் சேருகிறோம். வீட்டுக்கு மட்டும் 'ரு' வேண்டாம், 'கெற் ஹோம்' போதும்.

எங்கள் ஆட்கள் அதிகம் வழுக்குவது செய்விக்கும் 'கெற்'றில். சலூனுக்குப் போய் வந்து 'தலைமயிர் வெட்டினனான்' என்கிறோம். கத்தரிக்கோல் பிடித்தது யார் என்று தமிழில் ஒருவரும் கேட்பதில்லை. அதையே 'ஐ கற் மை ஹெயர்' என்றால், கண்ணாடிக்கு முன்னால் நின்று நீங்களே வெட்டியதாக எடுக்க இடமுண்டு. மயிரென்றால் பரவாயில்லை, பல்லுப் பிடுங்கினதையும் மதில் கட்டினதையும் இப்படிச் சொன்னால் கேட்பவர் உங்களை ஒருமாதிரிப் பார்ப்பார். 'ஐ கொற் மை ஹெயர் கற்' என்பதே சரி. பொருள் நடுவில், வினை கடைசியில். 'கொற் கற் மை ஹெயர்' என்று மாற்றிப் போடக்கூடாது. மேசனையும் சொல்ல வேண்டுமென்றால் 'ஐ கொற் த மேசன் ரு றிப்பெயர் த வோல்'. இந்த 'ரு'வை விடக்கூடாது. 'கொற்'றுக்குப் பதிலாக 'மேட்' (made) போட்டால்தான் அது தேவையில்லை. 'செய்விச்சனான்', 'கட்டுவிச்சனான்' என்று யாழ்ப்பாணப் பேச்சில் இன்னும் சொல்கிறோமே, அந்த 'விச்ச' வரக்கூடிய இடமெல்லாம் இந்தக் 'கெற்' வரும்.

அடுத்தது 'கெற் டவுன்'. பருத்தித்துறை பஸ்ஸில் ஏறி நெல்லியடியில் இறங்குவதை இங்கே எல்லோரும் அப்படித்தான் சொல்வோம். இங்கிலாந்தில் பஸ்ஸுக்கு 'கெற் ஓஃப்', காருக்கும் ஓட்டோவுக்கும் 'கெற் அவுற் ஒவ்'. 'டவுன்' பனையிலிருந்தோ ஏணியிலிருந்தோ இறங்குபவருக்கு. லண்டனிலிருந்து மருந்து எடுப்பித்ததை 'வி கொற் டவுன் த மெடிசின்' என்பதும் இலங்கை ஆங்கிலம். இதைப் பிழை என்று அடித்துச் சொல்ல எனக்கு மனமில்லை, கொழும்பிலும் அப்படித்தான் பேசுகிறார்கள். ஆனால் லண்டனில் பிறந்து வளர்ந்த மருமகப்பிள்ளைக்கு அது விளங்காது. அங்கே 'ஓர்டர்ட்' என்றோ 'ஹாட் இற் சென்ற்' என்றோ சொல்லுங்கள்.

'கொற் ரு நோ'வும் அப்படித்தான். சோதனை பிந்திப்போனதை அறிந்தால் 'ஐ ஹேர்ட்' அல்லது 'ஐ ஃபவுண்ட் அவுற்' போதும். ஆளோடு மெல்ல மெல்லப் பழகி அறிவதற்குத்தான் 'கெற் ரு நோ' பொருத்தம்.

கலியாணத்தில் 'வித்' வேண்டாம். 'அவரோட கலியாணம்' என்ற தமிழ்தான் அதை இழுத்து வருகிறது. 'கொற் மரீட் ரு ஹிம்' என்று எழுதுங்கள்.

'ஹாவ்' (have) உடன் வரும் 'கொற்'றுக்குப் பதிலாகச் சொல்லும் 'கொற்றன்' (gotten) அமெரிக்க வடிவம். இங்கிலாந்தில் அது பெரும்பாலும் வழக்கொழிந்து, 'ஃபொர்கொற்றன்' போன்ற சில சொற்களுக்குள் பிழைத்திருக்கிறது. 1823 இல் வட்டுக்கோட்டையில் செமினறி தொடங்கி எங்களுக்கு ஆங்கிலம் படிப்பித்தவர்கள் அமெரிக்க மிசனரிமார். ஆனாலும் பள்ளிக்கூடத்தில் நாங்கள் படிப்பது பிரித்தானிய 'கொற்' தான். ஒரே கட்டுரையில் இரண்டையும் கலக்காதீர்கள்.

விண்ணப்பக் கடிதத்தில் 'ஐ கொற் யுவர் லெற்றர்' என்று தொடங்கினால் வாசலில் நின்று கதைப்பது போலிருக்கும். அங்கே 'றிசீவ்ட்' எழுதுங்கள். சான்றிதழ் எடுத்ததற்கு 'ஒப்ரெயின்ட்'. நண்பனுக்கு வாட்ஸ்அப்பில் 'றிசீவ்ட்' போட்டால், கோபமோ என்று அவன் கேட்பான்.