இரண்டு சங்கம், ஒரு லாரி

கப்பலூர் பக்கம் ஒரு கிடங்கில் மேலாளராக இருந்தேன். பழைய கொட்டகையில் ஒரு சுமைதூக்கும் தொழிலாளர் சங்கம், புதியதில் இன்னொன்று. நடுவே நிற்கும் லாரியில் யார் கை வைப்பது என்று தகராறு. ஒரு தரப்பு தார்ப்பாயை அவிழ்க்கும், மறுதரப்பு திரும்பக் கட்டும்!

இரு மேஸ்திரிகளிடமும் தனித்தனியாகப் பேசினேன். வெளியே கௌரவம், உள்ளே மூட்டைக் கூலிக் கணக்கு. சரி, லாரி நிற்கும் இடத்தை விடுங்கள், பில்லில் எந்தக் கொட்டகையோ அந்தச் சங்கம் இறக்கட்டும் என்றேன். முனகிக்கொண்டே ஒத்துக்கொண்டார்கள்.

அப்போதிருந்த 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுகள் சட்டப்படி, நமக்குள் போடும் 18(1) பிரிவு ஒப்பந்தம் கையெழுத்திட்டவர்களை மட்டுமே கட்டுப்படுத்தும். அதனால் அரசின் சமரச அலுவலர் முன்னிலையில் 12(3) பிரிவு ஒப்பந்தமாகப் போட்டோம். அது சங்கத்தில் சேராதவரையும் பின்னால் வேலைக்கு வருபவரையும் கட்டுப்படுத்தும்.

இரண்டு கொட்டகைக்கும் சரக்கு கலந்து வந்தால்? மூட்டை அதிகமுள்ள பக்கம் முதலில் இறக்கும். அந்த ஒரு வரிக்குத்தான் மதியம் வரை பேச்சு நீண்டது.