வார்டுக்குள் ஒரு பூப்பந்துத் திடல்: மாநகராட்சியிடம் கேட்டு வாங்கும் வழி

பூப்பந்து (பால் பாட்மின்டன்) தஞ்சாவூரில் பிறந்த ஆட்டம். அந்த ஊரிலும் கும்பகோணத்திலும் இன்று பிள்ளைகள் தெருவில் கயிறு கட்டி ஆடுகிறார்கள், ஆனால் அடுத்த தெருவிலேயே பூங்காவுக்கென்று ஒதுக்கிய மனை முள் மண்டிக் கிடக்கும். அந்த மனையைத் திடலாக்க மாநகராட்சிப் பணத்தில் வழி உண்டு. மனு எழுதுவது எல்லோருக்கும் தெரியும் என்பதால் அதை விட்டுவிடுகிறேன். மனு எங்கே படுத்துவிடுகிறது என்பதைத்தான் இங்கே விரிவாகச் சொல்கிறேன்.

1. அளவு

பூப்பந்துத் திடல் 24 மீட்டருக்கு 12 மீட்டர். சுற்றிலும் 2 மீட்டர் விட்டால் 28க்கு 16, அதாவது 448 சதுர மீட்டர், ஏறத்தாழ 11 சென்ட். இதற்குள் வாலிபால் கோடும் (18க்கு 9) கபடிக் கோடும் (ஆண்களுக்கு 13க்கு 10) போட்டுக்கொள்ளலாம். மூன்று ஆட்டத்துக்கும் சேர்த்தே கேளுங்கள். ஒரே ஆட்டத்துக்குக் கேட்டால் "ஆட ஆள் வருமா?" என்று கேட்பார்கள். நீளவாட்டு வடக்கு தெற்காக இருக்கட்டும், இல்லையென்றால் மாலை வெயில் ஒரு பக்கத்தார் கண்ணில் நேராக விழும்.

2. நிலம்: மனு படுக்கிற இடம்

"காலியாகக் கிடக்கிறது" என்பது சான்று ஆகாது. டெல்டா ஊர்களில் காலி இடம் என்றால் பாதிக்குப் பாதி வாய்க்கால் புறம்போக்காகவோ குளமாகவோ கோயில் நிலமாகவோ இருக்கும். நீர்நிலை என்று பதிவாகியிருந்தால் தண்ணீரைப் பார்த்து இருபது வருடம் ஆகியிருந்தாலும் அதில் திடல் கேட்காதீர்கள், கிடைக்காது, கிடைக்கவும் கூடாது. மழைக்காலத்தில் அந்தத் தெருத் தண்ணீர் போக வேறு வழி இருக்காது.

நீங்கள் தேட வேண்டியது, அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவில் பூங்கா, விளையாட்டு என்று விடப்பட்ட பொது ஒதுக்கீட்டு இடம். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலை போக மீதியில் 10 சதவீதத்தை உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் மூலம் இலவசமாகக் கொடுத்தாக வேண்டும்.

இப்போது சிக்கலுக்கு வருவோம். மனைப்பிரிவு வரைபடத்தில் இருப்பது பழைய கிராமப் புல எண். நகரத்தில் பதிவேடு வேறு: வார்டு, பிளாக், நகர நில அளவை எண் என்று இருக்கும். வரைபடத்து எண்ணை அப்படியே இணையத்தில் போட்டால் ஒன்றும் வராது, அல்லது யாருடைய வீடோ வரும். அதோடு, நில அளவை வார்டும் நீங்கள் ஓட்டுப் போடுகிற வார்டும் ஒன்றல்ல. 23வது வார்டு கவுன்சிலரிடம் போகிறோம் என்பதற்காக நில அளவையிலும் 23 என்று எழுதிவிட்டால் மனு வேறு இடத்துக்குப் போய்விடும். வட்டாட்சியர் அலுவலகத்தின் நகர நில அளவைப் பிரிவில் பழைய எண்ணுக்கு நேரான புது எண்ணைக் கேட்டு வாங்குங்கள். அந்த எண்ணைக் கொண்டு நகர நில அளவைப் பதிவேட்டு நகலும் வரைபடமும் எடுங்கள்.

தானப் பத்திரம் கைக்கு வரவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மாநகராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும், 30 நாளில் பதில் தர வேண்டும். "ஏன் திடல் அமைக்கவில்லை?" என்று கேட்காதீர்கள், அதற்குப் பதில் சொல்லும் கடமை அவர்களுக்கு இல்லை. "இந்த அங்கீகார எண் கொண்ட மனைப்பிரிவில் பெறப்பட்ட தானப் பத்திரத்தின் நகல்" என்று ஆவணத்தைக் கேளுங்கள்.

3. பணம்

என் விருப்பம் நமக்கு நாமே திட்டம்தான். மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் கட்டினால் மீதியை அரசு போடும். 6 லட்சம் மதிப்பீடு என்றால் உங்கள் பங்கு 2 லட்சம். பொது நிதிக்குக் காத்திருந்தால் சாலையும் சாக்கடையும் எப்போதும் முந்திக்கொள்ளும். பங்குத் தொகை கட்டிய வேலையைத் தள்ளிப்போடுவது அவ்வளவு எளிதல்ல.

முதலில் வார்டின் உங்கள் பகுதி மக்கள் கூடும் பகுதி சபைக் கூட்டத்தில் கோரிக்கையைப் பதிவு செய்யுங்கள். பிறகு மாநகராட்சிப் பொறியாளரிடம் மதிப்பீடு போடச் சொல்லுங்கள். மதிப்பீடு வருமுன் தெருவில் வசூல் தொடங்க வேண்டாம், தொகை மாறினால் பேச்சு வரும்.

4. மண்

மதிப்பீட்டில் இதை நீங்கள்தான் சொல்லி எழுதவைக்க வேண்டும். டெல்டாக் களிமண் ஈரத்தில் உப்பும், சித்திரை வெயிலில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். அதன் மேல் நேராகச் சிமென்ட் தளம் போட்டால் இரண்டு கோடை தாண்டாது. பிள்ளைகளின் முழங்காலுக்கும் சிமென்ட் ஆகாது, செம்மண் தளமே நல்லது.

மேல்மண்ணை 15 செ.மீ. வழித்து எடுத்துவிட்டு, சராசரி 30 செ.மீ. செம்மண் கிராவல் போடுங்கள். வல்லம் பக்கத்துச் செம்மண் இதற்கு ஏற்றது. 448 சதுர மீட்டருக்கு 134 கன மீட்டர். ஒரு யூனிட் 100 கன அடி, அதாவது 2.83 கன மீட்டர். கணக்கில் 47 யூனிட்டுக்குச் சற்று மேல் வரும், ஆனால் உருளை ஓடினால் அமுங்கும். கால் பங்கு கூட்டி 60 யூனிட் என்று எழுதவையுங்கள். 15 செ.மீ.யாக இரண்டு அடுக்குப் போட்டு, ஒவ்வொன்றையும் தண்ணீர் தெளித்து உருட்ட வேண்டும். மொத்தமாகக் கொட்டி ஒரே தடவை உருட்டினால் அடியில் இறுகாது, முதல் ஐப்பசி மழையில் பள்ளம் விழும்.

சரிவு ஒரு பக்கவாட்டிலிருந்து மறு பக்கவாட்டுக்கு 16 செ.மீ. நடுவை மேடாக்கினால் வலையின் உயரம் நடுவில் ஒன்றாகவும் ஓரத்தில் ஒன்றாகவும் ஆகிவிடும். தாழ்ந்த பக்கத்தில் வடிகால் வேண்டும், அது எந்த வாய்க்காலில் சேர்கிறது என்பதையும் வரைபடத்தில் காட்டச் சொல்லுங்கள். கம்பங்களைத் தரையில் நட்டுவிட வேண்டாம். இரும்புக் குழாயைப் பதித்து, அதற்குள் கம்பத்தை மாட்டிக் கழற்றுவது போல் செய்தால்தான் கபடிக்கு இடம் கிடைக்கும்.

வேலையைத் தை பிறந்த பிறகு தொடங்குங்கள்.

5. விளக்கும் மேடையும்

விளக்குக்கான மின்கட்டணம் யார் பொறுப்பு என்பதை மாநகராட்சி மன்றத் தீர்மானத்திலேயே எழுதவையுங்கள். இதை விட்டால் விளக்கு இருக்கும், வெளிச்சம் இருக்காது. உயர்ந்த பக்கத்தில் 6க்கு 4 மீட்டரில் ஒரு மேடை சேர்த்துக் கேட்டால் நாடகத்துக்கும் நாதஸ்வரக் கச்சேரிக்கும் ஆகும். இரவு 10 மணிக்குமேல் ஒலிபெருக்கி கூடாது என்பதால் கூத்து நடத்துவோர் நேரத்தைக் கணக்கிட்டுக்கொள்ளவும்.

பின்னர் சேர்த்தது: "எங்கள் மனைப்பிரிவில் பூங்கா இடமே இல்லையே" என்று பலர் கேட்டார்கள். பெரும்பாலும் அது அங்கீகாரம் இல்லாத மனைப்பிரிவாக இருக்கும். 2016 அக்டோபர் 20க்கு முன் பதிவான மனைகளை வரன்முறை செய்தபோது பல இடங்களில் நிலத்துக்குப் பதில் கட்டணமாகவே வாங்கினார்கள். அப்படியானால் உங்கள் தெருவுக்குள் தேடிப் பயனில்லை. பக்கத்து அங்கீகார மனைப்பிரிவில் ஒதுக்கிய இடத்தை இரண்டு தெருவும் சேர்ந்து கேளுங்கள். வரைபடத்தில் பூங்கா இருந்தும் தானப் பத்திரம் பதிவாகவில்லை என்றால் முதலில் வில்லங்கச் சான்று போட்டு, அந்த இடம் விற்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். விற்றிருந்தால் வரைபடம், சான்று இரண்டையும் இணைத்து ஆணையருக்கும் நகர் ஊரமைப்பு அலுவலகத்துக்கும் ஒரே நாளில் மனு கொடுத்து, இரண்டுக்கும் ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.