வெளிநாட்டுத் திட்டப்பணிக்குப் பாதுகாப்பு இடர் மதிப்பீடு: முதன்முறை செய்வோருக்கு

நிகழ்வாய்ப்பையும் விளைவையும் பெருக்கி மதிப்பெண் போடுவது எல்லாக் கையேடுகளிலும் இருப்பதால் அதை விட்டுவிடுகிறேன். எடுத்துக்காட்டாக, மொசாம்பிக்கின் வடகோடியிலுள்ள காபோ டெல்காடோ மாகாணத்தின் எரிவாயுத் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். பிரான்சின் டோட்டல் நிறுவனம் (இப்போதைய பெயர் டோட்டல்எனர்ஜிஸ்) நடத்தும் அத்திட்டத்தில் இந்தியப் பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்களுக்கும் 30 விழுக்காடு பங்கு உண்டு.

படி 1: எல்லையை வரையுங்கள். வேலிக்குள் இருப்பது மட்டுமே திட்டப்பணி அன்று. ஆட்கள் உறங்கும் விடுதி, போய்வரும் சாலை, விமானம் இறங்கும் ஓடுதளம் அனைத்தும் அதில் அடங்கும்.

படி 2: தாக்கக்கூடியவர்கள் இதுவரை செய்துகாட்டியதை எழுதுங்கள். காபோ டெல்காடோவில் கிளர்ச்சி 2017 அக்டோபரில் தொடங்கியது. 2020 ஆகஸ்டில் மொசிம்போவா ட பிராயா துறைமுக நகரமே கிளர்ச்சியாளர் வசமானது. அதன் பிறகும் இடர்களைப் பட்டியலிடும் பதிவேட்டில் அவர்களைச் ‘சிறு குழு’ என்று குறிப்பது தவறு.

படி 3: பலரும் சறுக்கும் இடம் இதுதான். பதிவேட்டின் ஒரு கட்டத்துக்குள் ‘ராணுவப் பாதுகாப்பு உண்டு’ என்று எழுதியதும், சிவப்பாக (அதிக இடர்) இருந்த வரி பச்சையாகிவிடும் (குறைந்த இடர்). அல்ஜீரியாவின் இன் அமெனாஸ் எரிவாயு ஆலை 2013 ஜனவரியில் தாக்கப்பட்ட பின், பங்குதாரரான நார்வே நிறுவனம் ஸ்டாட்டாயில் (இன்றைய ஈக்வினார்) நடத்திய விசாரணை, ராணுவ வளையத்தைத் தாண்டிப் பெரும் ஆயுதப்படை ஆலைவரை வந்துவிடக்கூடும் என்று எவரும் எண்ணிப் பார்த்திருக்கவில்லை என்றே சொன்னது. ஆகவே பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் ஒரு மதிப்பெண்ணும், இருந்தால் ஒரு மதிப்பெண்ணும் போட்டு, பக்கத்தில் ‘இந்த ஏற்பாடு யார் கையில்?’ என்ற நெடுவரிசையைச் சேருங்கள். விடை ‘நம் கையில் இல்லை’ என்றால், முடிவெடுக்க முதல் மதிப்பெண்ணையே கொள்ளுங்கள்.

மொசாம்பிக்கில் திட்டத்தளமான அஃபுங்கியைச் சுற்றி 25 கிலோமீட்டர் சிறப்புப் பாதுகாப்புப் பகுதி என்று அரசு அறிவித்திருந்தது. அதை நம்பிப் பணியைத் திரும்பத் தொடங்குவதாக டோட்டல் அறிவித்த 2021 மார்ச் 24 அன்றே, அந்த வட்டத்துக்குள் இருக்கும் பால்மா நகரம் தாக்கப்பட்டது. ஒப்பந்தப் பணியாளர்கள் பலர் அங்குள்ள அமருலா விடுதியில் சிக்கினார்கள். இரண்டு நாள் கழித்து அங்கிருந்து வாகனங்களில் வெளியேற முயன்றவர்கள் வழியிலேயே தாக்கப்பட்டார்கள்.

படி 4: வெளியேறுவதற்கான குறிகளை முன்கூட்டியே எழுதுங்கள். ‘நிலைமை மோசமானால்’ என்பது குறி ஆகாது. ‘மாவட்டத் தலைநகருக்குச் செல்லும் சாலை மூடப்பட்டால்’ என்பது குறி. தலைமையகத்தைக் கேட்காமலே ஆணையிடும் அதிகாரம் தளத்தில் யாருக்கு என்பதையும் எழுதிவைக்க வேண்டும்.

கருவி குறித்து என் கருத்து: விலையுயர்ந்த மென்பொருள் வேண்டியதில்லை, ஓர் எக்செல் தாளும், உலகெங்கும் நடக்கும் ஆயுத மோதல்களைப் பதிவுசெய்யும் ஆக்லெட் (ACLED) அமைப்பின் தரவும் போதும். வண்ண வரைபடங்கள் கூட்டத்தில் அழகாக இருக்கும். தளத்தில் இருப்பவர் தேடுவது தொலைபேசி எண்களையும் மாற்றுவழியையும்தான்.

பிற்சேர்க்கை: துணை ஒப்பந்ததாரரின் ஆட்களையும் கணக்கில் சேர்க்க வேண்டுமா என்று வாசகர்கள் சிலர் கேட்டிருந்தார்கள். கட்டாயம் சேர்க்க வேண்டும். உள்ளூரில் அமர்த்தப்பட்ட ஓட்டுநரும் சமையல்காரரும் வெளியேற்றப் பட்டியலில் இருக்கிறார்களா, அவர்களுக்கான படகுக்கோ விமானத்துக்கோ யார் பணம் தருவது என்பதை ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன்பே அதில் எழுதச் சொல்லுங்கள்.