வட சென்னை வெக்கையில் ஆக்ஸோலாட்டில் வளர்க்க: முதலில் தண்ணீரைக் குளிர வையுங்கள்

ஆக்ஸோலாட்டில் மீன் இல்லை, சாலமாண்டர். தவளையின் உறவு. மெக்சிகோ நகரத்தை ஒட்டிய சோச்சிமில்கோ கால்வாய்கள்தான் அதன் சொந்த ஊர். கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேல், வருஷம் முழுக்கக் குளிர்ந்த நீர். சாலமாண்டரின் உடம்புக் குளிர்ச்சி தீயையே அணைத்துவிடும் என்று ரோமானியரான பிளினி எழுதி வைத்தார். நடப்பு நேர் எதிர்: இதற்கு 16 முதல் 18 டிகிரி வேண்டும், 20 வரை தாங்கும், 24-ஐத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் நோய் பிடிக்கும். நம் வீட்டுத் தொட்டியில் மே மாதம் சும்மா இருக்கும் தண்ணீரே 31, 32. அதனால் தொட்டியை 18-ல் நிறுத்த வழி செய்யாமல் விலங்கை வாங்காதீர்கள்.

ஃபேன் போதும் என்று சொல்பவர்கள் உண்டு. ஃபேன் நீரை ஆவியாக்கித்தான் குளிர்விக்கும். ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் காற்றிலேயே ஈரம் நிறைந்திருப்பதால் 2, 3 டிகிரி இறங்கி அங்கேயே நின்றுவிடும். ஐஸ் பாட்டில் கணக்கும் எளிது: உறைந்த 1 லிட்டர் பாட்டில், 100 லிட்டர் தண்ணீரை ஏறக்குறைய 1 டிகிரி இறக்கும். 32-லிருந்து 18-க்கு வர 14 பாட்டில். உருகியதும் சூடு மறுபடி ஏறும். இந்த ஏற்ற இறக்கமே விலங்கை வாட்டிவிடும். ஆக, தொட்டித் தண்ணீரைக் குளிர்விக்கும் இயந்திரமான சில்லர் தவிர வேறு வழியில்லை. அட்டையில் போட்டிருக்கும் லிட்டர் அளவு மிதமான ஊர்களுக்கானது. 100 லிட்டர் தொட்டிக்கு ஒரு படி பெரியதாகவே எடுங்கள். சில்லர் இழுக்கும் சூடு முழுக்க அறைக்குள்தான் வெளியேறும், எனவே மூடிய அலமாரிக்குள் வைக்கக் கூடாது. கடலோரத் தெருக்களில் உப்புக்காற்று அதன் பின்பக்கத் தகடுகளை அரித்துவிடும். மாதம் ஒருமுறை மென்மையான பிரஷ்ஷால் தூசும் உப்பும் போகத் துடையுங்கள்.

பலரும் எதிர்பார்க்காத தொல்லை, கண்ணாடி வியர்ப்பது. உள்ளே 18, வெளியே ஈரக்காற்று: தண்ணீர் வழிந்து பிளைவுட் ஸ்டாண்டு ஊதிப்போகும், கீழே இருக்கும் பிளக் பாயின்ட் நனையும். பின்பக்கம், இரு பக்கவாட்டு, அடி ஆகியவற்றில் 1 அங்குல தெர்மோகோல் ஒட்டுங்கள், ஸ்டாண்டு இரும்பாக இருக்கட்டும், வயரைத் தொங்கலாக வளைத்து பிளக்கை மேலே வையுங்கள். சில்லரின் வேலைச்சுமையும் இதனால் குறையும்.

ஒரு விலங்குக்கு 3 அடி நீளம், ஒன்றரை அடி அகலத் தொட்டி. வளர்ந்தால் 9 அங்குலத்துக்கு மேல் வரும், 10 முதல் 15 வருஷம் இருக்கும். தொட்டியும் ஸ்பாஞ்ச் பில்டரும் கொளத்தூர் கடைகளில் கிடைக்கும்; அங்கே அழகுக்கு விற்கும் கூழாங்கல்லை மட்டும் வாங்காதீர்கள். இது வாயைத் திறந்து இரையோடு கல்லையும் உறிஞ்சும், கல் குடலில் அடைத்துக்கொள்ளும். வெறும் அடித்தளமோ மென்மணலோ போதும். சில்லர் பம்ப்பின் நீர் சுவரில் மோதி விழட்டும். வேகமான ஓட்டம் செவுள்களைச் சிதைக்கும். பம்ப்பின் உறிஞ்சு வாயில் ஸ்பாஞ்ச் மாட்டுங்கள்.

மெட்ரோ வாட்டரில் குளோரின் இருக்கும். ஆன்டி குளோரின் சேர்த்தே ஊற்றுங்கள். கடலோர போர் தண்ணீரில் உப்பு அதிகம், தவிர்ப்பது நல்லது. விலங்கை விடும் முன், அதன் கழிவிலிருந்து வரும் நச்சான அமோனியாவைச் சிதைக்கும் பாக்டீரியாவைப் பில்டரில் வளர்க்க வேண்டும். அந்த வேலையைச் சில்லரை ஓடவிடாமலே செய்யுங்கள்: 28, 30 டிகிரியில் அவை வேகமாகப் பெருகும், நம் வெயில் உதவும் ஒரே இடம் இது. வெறும் தொட்டியில் அமோனியாவை 2 பிபிஎம் (லிட்டருக்கு 2 மில்லிகிராம்) வரை சேர்த்து, 24 மணி நேரத்தில் அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமாகும் வரை தொடருங்கள்; 4 முதல் 6 வாரம் ஆகலாம். பிறகு 18-க்கு இறக்கி இதே சோதனையை மறுபடி செய்யுங்கள், குளிரில் பாக்டீரியா மந்தமாகும்.

ஆக்ஸோலாட்டில், வனவிலங்கு வணிகத்துக்கான சர்வதேச ஒப்பந்தமான சைட்டிஸின் இரண்டாம் பட்டியலில் உள்ளது. 2022 வனவிலங்குச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு இத்தகைய விலங்குகளை வைத்திருப்பதைப் பதிவு செய்ய வேண்டும். மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் செய்யலாம். காகிதம் தராத கடையில் வாங்க வேண்டாம்.

குட்டிக்குத் தினமும், பெரியதற்கு வாரம் 2, 3 முறை மண்புழு. உரமோ பூச்சிமருந்தோ படாத மண்ணிலிருந்து எடுத்து, அலசி, வாய்க்கு ஏற்ற அளவு நறுக்கிப் போடுங்கள். சாக்கடையில் அள்ளிய டியூபிஃபெக்ஸ் புழு கிருமியைக் கொண்டுவரும்.

ஆஸ்டெக் கதையில் ஷோலோட்ல் என்ற தெய்வம் பலிக்குத் தப்பி ஓடும்: சோளப் பயிராகும், கற்றாழையாகும், கடைசியில் நீருக்குள் ஆக்ஸோலாட்டிலாகும், அங்கே பிடிபடும். ஒளிந்த நீரிலேயே மாட்டிக்கொண்ட அந்தத் தெய்வத்தைப் போலவே இந்த விலங்கும் வாழ்நாள் முழுக்கச் செவுளோடு நீருக்குள்ளேயே இருக்கும். கால் போனால் முளைத்துவிடும் என்ற தைரியத்தில் இரண்டு குட்டிகளை ஒரே தொட்டியில் விடாதீர்கள். ஒன்றின் காலை மற்றது கடிக்கும்.

தினமும் செவுளையும் வாலையும் பாருங்கள். செவுள் முன்பக்கம் வளைந்தால், வால் நுனி சுருண்டால், இரையை மறுத்தால், முதலில் தெர்மோமீட்டர், அடுத்து அமோனியா சோதனை. பஞ்சு போல வெள்ளைப் பூஞ்சை தெரிந்தால் தனி டப்பாவில், தொட்டியில் உள்ள அதே வெப்பநிலையில், குளோரின் நீக்கிய தண்ணீரில் வைத்து, தினமும் முழுத் தண்ணீரையும் மாற்றுங்கள். கரன்ட் போகும் நாளுக்காக ஃப்ரீசரில் நான்கு 1 லிட்டர் பாட்டில் எப்போதும் உறைந்திருக்கட்டும். 20-ஐத் தாண்டினால் மணிக்கு ஒன்றாக மிதக்க விடுங்கள், நான்கையும் ஒரே நேரத்தில் போடாதீர்கள்.